இரவுக் கதையை நகரத்தில் சொல்லுதல்

தொழிலைக் குறிக்கும் உருதுச் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்ட சனத்நகர், ஹைதராபாத்தின் பழைய ஆலைகளாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்பட்ட பகுதியே எனினும், அதனை ஒட்டிய பால்கம்பேட்டையில் தரைமட்டத்திற்குக் கீழே கோயில் கொண்டுள்ள எல்லம்மாவின் கல்யாண உற்சவமும், அதே ஆஷாட மாதத்தில் தெருத்தெருவாக நடைபெறும் போனாலு திருவிழாவும், அந்த வட்டாரத்தை ஆண்டுதோறும் மேளத்திற்கும் அம்மன் கதைக்கும் உரிய இடமாக மாற்றிவிடுகின்றன. இத்தகைய இடத்தில் அம்மன் கதையையோ பேய்க்கதையையோ இசையுடன் சொல்ல மேடையேறும் தமிழ்க் கதைசொல்லி, தம் ஊர் வில்லுப்பாட்டை மட்டும் நம்பி நில்லாமல், தெலங்கானாவின் ஒக்குக் கதையையும் ஒருமுறையேனும் உடனிருந்து கேட்டறிந்திருக்க வேண்டும்.

'ஒக்கு' என்பது சிவனின் கையிலுள்ள உடுக்கைக்குத் தெலங்கானா மக்கள் வழங்கும் பெயர். குருமர், யாதவர் ஆகிய ஆயர் குலங்களைச் சேர்ந்த கலைஞர்கள் மல்லண்ணா, பீரப்பா, எல்லம்மா ஆகிய தெய்வங்களின் கதைகளை டோலு, தாளம், கஞ்சிரா முதலிய கருவிகளுடன் ஆடியும் பாடியும் சொல்வதே ஒக்குக் கதையாகும். ஜனகாம் பகுதியைச் சேர்ந்த, 2017-இல் மறைந்த சுக்க சத்தையா இக்கலையை ஊர்ச் சடங்கிலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். தலைமைக் கதைசொல்லி எல்லம்மாவாகப் பேசிய மறுகணமே அவள் கணவர் ஜமதக்னியாகக் குரல் மாற்றிப் பேச, உடனிருப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஊம்' கொட்டிக் கேள்வி எழுப்பிக் கதையை நகர்த்துகிறார். மகன் பரசுராமன் தாயின் தலையைக் கொய்யும் கட்டம் தமிழ் நாட்டின் மாரியம்மன் கதையிலும் வருவதால், தமிழ்க் கேட்பவர்க்கும் தெலுங்குக் கேட்பவர்க்கும் பொதுவான நிலம் ஒன்று அங்கு ஆயத்தமாகவே கிடக்கிறது.

ஆயினும் அச்சம் தரும் கதையை இசையோடு சொல்லும் நுட்பம் தென்தமிழ்நாட்டின் வில்லுப்பாட்டில்தான் முழுமையாகக் காணக்கிடைக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களின் கொடை விழாக்களில், அதாவது சிறுதெய்வங்களுக்கு ஆண்டுக்கொருமுறை எடுக்கும் திருவிழாக்களில், புலவர் எனப்படும் தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிப் பாட, உடுக்கும் குடமும் தாளமும் கட்டையும் கொண்ட குழுவினர் வலமும் இடமுமாக அமர்ந்து பின்பாட்டுப் பாடுகின்றனர். இங்குப் பாடப்படும் கதைகளை அறிஞர்கள் பிறப்புக் கதை, இறப்புக் கதை என இருவகையாகப் பிரிப்பர். முன்னது கயிலாயத்திலோ வேள்வித் தீயிலோ தோன்றிய தெய்வங்களைப் பற்றியது; பின்னது அநியாயமாகக் கொல்லப்பட்டு, ஆவியாகத் திரிந்து, இறுதியில் வழிபாடு பெற்ற மனிதர்களைப் பற்றியது. வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூல், இறப்புக் கதைகளிலேயே சடங்கின் ஆழமும் சாமியாட்டமும் மிகுந்திருப்பதைக் காட்டுகிறது.

கதைசொல்லிகள் அனுபவத்தால் கற்கும் முதற்பாடமும் இதிலேயே அடங்கியுள்ளது. நீலி கதையை, அதாவது ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் உள்ளிட்ட கோயில்களில் இசக்கியம்மனுக்குப் பாடப்படும் கதையை எடுத்துக்கொள்ளலாம். நகைக்கு ஆசைப்பட்டவன் தன்னை நம்பி உடன்வந்த பெண்ணைக் காட்டிலே கொல்கிறான். சாகும் தறுவாயில் அவள் அருகிலிருந்த கள்ளிச் செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பழையனூர் வரும்போது, அவள் அதே கள்ளியின் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தன் கணவன் என ஊரார் முன் வழக்குரைக்கிறாள். இக்கதையை அனுபவமற்றவர்கள் சொல்லும்போது நீலியின் கோரைப்பல்லையும் விரிந்த கூந்தலையும் நெடுநேரம் வருணித்துவிட்டுக் கள்ளியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். அரங்கிலுள்ள சிறுவர்கள் சிரிக்கத் தொடங்குவது அப்போதுதான். மாறாக, முதற்கொலையின்போது கள்ளியின் முள்ளையும் பாலையும் நிதானமாகச் சொல்லி வைத்திருந்தால், பின்னர் அக்குழந்தையை ஊரார் வாங்கிக் கொஞ்சும் இடத்தில் ஒரு சொல்லும் கூட்டாமலே கேட்பவரின் உடல் சிலிர்த்துவிடும். அநீதி எந்த அளவுக்கு மனத்தில் தைக்கிறதோ அந்த அளவுக்கே பேய் அச்சம் தரும் என்பதைத் தேர்ந்த புலவர்கள் அனைவரும் அறிவர்.

இசையின் பங்கும் இத்தகையதே. உடுக்கின் இடையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கயிற்றை விரல்களால் இறுக்கியும் தளர்த்தியும் அடிக்கும்போது, ஒலி ஏறி இறங்கி மனிதர் முனகுவதுபோல் கேட்கும். இவ்வொலியைக் கதை முழுவதும் வாரியிறைத்தால் அதன் வலிமை அரைமணியில் தீர்ந்துவிடும் என்பதால், அதனை ஓரிரு இடங்களுக்கென்றே சேமித்து வைக்க வேண்டும். கொலை நிகழும் கணத்தில் கருவிகள் அனைத்தையும் ஒருசேர முழக்குவதைவிட, அதற்கு முந்தைய அடியிலேயே நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் தனியே விடுவது மேலானது. அப்போது வில்லில் கட்டிய மணியொன்று தானாக அசைந்தாலும் அவை அதிரும். ஆஷாட மழைக்காலத்தில் ஹைதராபாத்தின் ஈரக்காற்று தோற்கருவிகளைத் தொய்யச் செய்துவிடும் ஆதலால், நிகழ்ச்சிக்கு முன் அவற்றை அனலில் காட்டி இறுக்கிக்கொள்வதும், ஒலிவாங்கியை உடுக்கின் முகத்திற்கு நேராக வைக்காமல் சற்றே தள்ளி வைப்பதும் நடைமுறைத் தேவைகளாம்.

விளக்கும் கதையின் ஒரு கருவியே. எடோ எனப்படும் ஆட்சிக் காலத்து ஜப்பானில் நூறு விளக்குகளை ஏற்றிவைத்து, ஒவ்வொரு பேய்க்கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைக்கும் வழக்கம் இருந்தது. குடியிருப்பு மன்றங்களில் சொல்வோர் மின்விளக்குகளை மெல்லக் குறைப்பதன் மூலம் அதே பயனை எளிதாகப் பெறலாம். கேட்பவருள் ஒருவர் அருள் வந்து ஆடத் தொடங்கினால் தாளத்தைச் சட்டென நிறுத்துதல் தகாது. வேகத்தைப் படிப்படியாகத் தணித்து அவரை அமரச் செய்ய வேண்டும். அவ்வாட்டத்தை வேடிக்கையாகக் கருதுதல் பெரும் பிழை.

கொடை விழாவில் நள்ளிரவில் உச்சம் பெறும் கதையை நகரத்தில் அவ்வாறே சொல்ல இயலாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைப்பதற்குத் தடை உண்டு. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், விழாக் காலங்களில் மட்டும், 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம். ஆகவே நகரக் கதைசொல்லி காப்புப் பாடலையும் நாட்டு வளத்தையும் சுருக்கி, ஒன்பது மணிக்குள் கள்ளிக்காட்டை அடைந்துவிட வேண்டும்.

எதைச் சுருக்கினாலும் இறுதியில் பாடும் வாழியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்பதே மேடையேறும் இளைஞர்களுக்கான வேண்டுகோள். இரத்தமும் பழியும் சொல்லிய அதே வாயால் ஊரையும் கேட்டவரையும் கதையில் மாண்டவரையும் வாழ்த்திய பிறகே வில்லின் கட்டை அவிழ்ப்பது மரபு.