கிணற்று ஜலம் கெட்டதற்குப் பொறுப்பாளி யார்?

கேள்வி: ஓசூரை அடுத்து, பாகலூர்ச் சாலைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. மூன்று தலைமுறையாக வீட்டுக் கிணற்று நீரைத்தான் குடித்து வந்தோம். இரண்டு வருஷமாக நீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, சோறு மஞ்சளாகிறது, மாடுகூட முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. அருகில் உலோக முலாம் பூசும் பட்டறைகள் சில உள்ளன. கேட்டால், இந்த மாவட்டத்து மண்ணிலேயே ஃபுளோரைடு உண்டு, எங்கள்மேல் பழி போடாதீர்கள் என்கிறார்கள். கழிவு கர்நாடகத்திலிருந்து வருவதாகவும் இருக்கலாம் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டார். அமெரிக்காவில் ஷேல் எரிவாயுக் கிணறுகளுக்கு அருகில் குடியிருப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்று என் மகன் படித்துச் சொன்னான். நமக்கு அப்படி ஏதும் உண்டா? ஓசூர் முன்சீப் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா? — ஒரு வாசகர், ஓசூர் வட்டம்.

பதில்: அன்பரே, சட்டத்துக்கு வருமுன் ஒரு வார்த்தை. அந்த நீரை இன்றோடு குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். உலோகம் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

தங்கள் குமாரர் படித்தது உண்மை. பென்சில்வேனியா மாநிலத்தில் 2012-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஷேல் எரிவாயுத் துளைக்கு 2,500 அடிக்குள் உள்ள ஒரு குடிநீர்க் கிணறு, துளையிட்டு முடித்த 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால், கெடுத்தவர் அந்தக் கம்பெனியே என்று சட்டம் அனுமானித்துக் கொள்கிறது. அந்த அனுமானத்திலிருந்து தப்பக் கம்பெனிக்குள்ள பிரதான வழி, துளையிடுவதற்கு முன்பே அக்கிணறு கெட்டிருந்தது என்று முன்கூட்டிய பரிசோதனை அறிக்கையைக் கொண்டு காட்டுவதுதான். ஆகையால் அங்கே கம்பெனிக்காரர்களே வேலை துவங்குமுன் வந்து சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதித்து வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் பூமி கருங்கல் பாறையாதலால் ஷேல் எரிவாயு பற்றிய பயம் ஓசூருக்கு இல்லை. அந்த அச்சம் எழுந்த காவிரி டெல்டாவில், அதன் அகழ்வைத் தமிழ்நாடு அரசு 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. ஆனால் பென்சில்வேனியாச் சட்டத்தின் அடிப்படைத் தத்துவம், அதாவது கிணற்றின் பூர்வ நிலை எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பது, தங்கள் வழக்குக்கும் உயிர்நாடியாகும்.

அடி கணக்கிட்டு அனுமானம் செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை. எனினும் நம் சட்டம் தங்களைக் கைவிட்டுவிடவில்லை. வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தன் தொழில் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று ருசுப்பிக்கும் பாரம் தொழிலதிபரையே சாரும் என்றும், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என்றும் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, அதற்கும் மேலே சென்று, 17-ஆவது பிரிவில், விபத்தால் விளைந்த தீங்கானால் தொழிற்சாலைக்காரர் கவனக்குறைவாக நடந்தார் என்று தாங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிலையை ஏற்படுத்தியிருக்கிறது. அதே பிரிவில் தங்களுக்கு மிகவும் அனுகூலமான வேறொரு விதியும் உண்டு: தீங்கு ஒரே பட்டறையால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாமல், பல பட்டறைகளின் கூட்டு விளைவாக இருக்குமானால், தீர்ப்பாயம் பொறுப்பை நியாயமான விகிதத்தில் அவர்களுக்குள் பங்கிட்டு விதிக்கலாம். "நானல்ல, பக்கத்துப் பட்டறை" என்று ஒவ்வொருவரும் சுட்டும் விரல் அங்கே பலிக்காது.

இவ்வளவு சாதகமிருந்தும், பட்டறைக் கழிவுக்கும் தங்கள் கிணற்றுக்கும் இடையே முதல் நோக்கிலாவது ஒரு சம்பந்தத்தைத் தாங்கள் காட்டியே தீரவேண்டும். அங்கேதான் ஃபுளோரைடு வாதம் குறுக்கே வந்து நிற்கிறது. அது முழுப் பொய்யான வாதமும் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலிருந்து ஃபுளோரைடு இயற்கையாகவே நீரில் கரைகிறது என்பதும், அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. ஆகவே தாங்கள் ஃபுளோரைடு, உப்பு, கடினத்தன்மை ஆகியவற்றை மட்டும் சோதித்து அறிக்கை வாங்கினால், எதிர்த்தரப்பின் வாதத்துக்குத் தாங்களே சாட்சியம் தேடிக் கொடுத்தவர் ஆவீர்கள். முலாம் பூசும் தொழிலின் அடையாளங்களான குரோமியம், நிக்கல், துத்தநாகம், சயனைடு ஆகியவற்றையும், ஈயம், எண்ணெய்ப் பசை, வேதி ஆக்சிஜன் தேவை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டுச் சோதிக்கச் செய்யுங்கள். இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம்; குரோமியத்துக்கு 0.05, நிக்கலுக்கு 0.02, ஈயத்துக்கு 0.01 மில்லிகிராமே எல்லை. நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால் அதைப் பட்டறையின் கணக்கில் எழுத அவசரப்படாதீர்கள். அது நம் பக்கத்து ரோஜாத் தோட்டங்களின் உரத்திலிருந்தோ, தங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டியிலிருந்தோ வந்திருக்கலாம், அதை மறைத்து வழக்காடுவது மற்ற உண்மைகளின் மதிப்பையும் குறைத்துவிடும்.

மாதிரியைத் தாங்களே பழைய குளிர்பானப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தாரையோ, தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தாரையோ வரவழைத்து, கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சித் தலைவரோ கையெழுத்திடும்படி அவர்கள் முன்னிலையில் எடுக்கச் செய்யுங்கள். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுப்பது உசிதம். பட்டறைகளுக்கு மேட்டுப்புறம் உள்ள ஒரு கிணற்றையும் உடன் சோதித்தால், அங்கே ஃபுளோரைடு மட்டும் இருந்து, தங்கள் கிணற்றில் குரோமியமும் சேர்ந்திருக்கும் பட்சத்தில், மண்ணின் சுபாவம் எது, மனிதன் சேர்த்தது எது என்பது தானே விளங்கிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: நம் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், ஒரு கிணறு கெட்டு அடுத்த கிணறு நன்றாயிருப்பது சகஜம். அடுத்த வீட்டு நீர் நன்றாயிருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வாதித்தால், அதற்கு இதுவே விடை.

முன்சீப் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் தீர்க்கக்கூடிய இழப்பீட்டு விவகாரங்களை சிவில் நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று அச்சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடுக்கிறது. தீர்ப்பாயத்திலும் எந்தப் பிரிவில் மனுச் செய்கிறோம் என்பது முக்கியம். 14-ஆவது பிரிவில் காலக்கெடு ஆறே மாதம், தக்க காரணமிருந்தால் மேலும் 60 நாள். இரண்டு வருஷம் கடந்துவிட்டபடியால் அவ்வழியில் காலாவதி ஆட்சேபம் எழும். இழப்பீடும், சுற்றுச்சூழலைப் பூர்வ நிலைக்கு மீட்பதும் கோரும் 15-ஆவது பிரிவிலோ ஐந்து வருஷ அவகாசம் உண்டு. ஆனால் அந்த ஐந்தும் தீங்கு முதன்முதல் தோன்றிய நாளிலிருந்தே எண்ணப்படுவதால், இன்னும் தாமதிப்பது ஆபத்து.

எல்லைப் பிரச்சினையைக் கண்டு மலைக்க வேண்டாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் அதிகாரம் ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியோடு முடிந்துவிடுவது வாஸ்தவமே; கர்நாடகத்துக் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதைப் பார்த்து நம் ஜனங்கள் எத்தனை வருஷமாக மனம் வெதும்புகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குத் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டுமே உட்பட்டவை. இரு மாநில வாரியங்களையும் மத்திய வாரியத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்புவதற்கு இடமிராது.

மனுவுக்கு முன் இரண்டு காரியங்கள். நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974, 24-ஆவது பிரிவில் கிணற்றைப் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஓசூரிலுள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அப்பட்டறைகளுக்கு வாரியம் அளித்த இசைவாணைகளையும் சோதனை அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் வரவேண்டும். கழிவு வெளிப்படையாக வாய்க்காலில் விடப்படுவதைத் தாங்களே கண்டால், சார் ஆட்சியரிடம் பொதுத் தொல்லை என மனுக் கொடுத்து உடனடித் தடையும் கோரலாம்.

வெற்றி விரைவில் கிட்டும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ராஜஸ்தானத்துப் பிச்ரி கிராமத்துக் கிணறுகளை ரசாயனக் கம்பெனிகள் கெடுத்த வழக்கில் 1996-இல் பொறுப்பு விதிக்கப்பட்டும், பணத்துக்காக 2011-இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நம் வேலூர் மக்களின் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில்கூட அந்நீதிமன்றம் அரசுக்குக் கட்டளையிட வேண்டியிருந்தது. குடிநீர் பதினைந்து வருஷம் காத்திராது. ஆகையால் முதல் விசாரணையிலேயே, வழக்கு முடியும்வரை பட்டறைகளின் செலவிலோ அரசின் செலவிலோ தங்கள் தெருவுக்கு நல்ல குடிநீர் வழங்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு கேட்பதையே தங்கள் வக்கீல் தலையாய வேண்டுகோளாக வைக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை பற்றிய வாதம் பிறகு வரலாம்.

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டால், கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம் உண்டு. வக்கீல் செலவுக்குக் கையில் வசதியில்லாவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமலே அங்கு இலவச சட்ட உதவி கிடைக்குமாதலால், வீடு தங்கள் மனைவியார் பெயரிலும் இருக்குமானால் அவரையே முதல் மனுதாரராக வைத்து விண்ணப்பிக்கலாம்.