நீருக்குள் நனையாத உடை

தண்ணீருக்கு அடியில் அரைமணி நேரம் இருந்துவிட்டு, உடம்பில் ஈரம் படாமல் கரையேற முடியுமா? முடியும். ஐஸ்லாந்து தீவில் சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. பனியாறு உருகிய நீர் எரிமலைப் பாறைகளின் ஊடே கசிந்து வந்து அதை நிரப்புகிறது. கோடையிலும் அந்நீரின் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அங்கே ஸ்கூபா கருவியுடன் மூழ்குபவர்கள் அணிவது 'டிரை சூட்' எனப்படும் உலர் உடை. இந்த உடைக்குள் காற்றை ஏற்றவும் இறக்கவும் ஓர் அமைப்பு உண்டு. அதை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆபத்தில்லாமல் எப்படிப் பயன்படுத்த வேண்டும்? பார்ப்போம்.

காற்றே போர்வை

வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் திறன் உடையது. அதனால்தான் குளிர்ந்த நீர் நம் உடல் சூட்டை விரைவில் பறித்துவிடுகிறது. உலர் உடையின் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டைகள் இருக்கின்றன. அவை நீரை உள்ளே விடுவதில்லை. உள்ளே தடித்த கம்பளம் போன்ற உள்ளுடை. அதன் இழைகளுக்கு இடையே தங்கியிருக்கும் காற்றுதான் உண்மையான போர்வை.

ஆனால் இந்தப் போர்வைக்கு ஒரு குணம் உண்டு. ஆழத்துக்குத் தக்கபடி அது சுருங்கும், விரியும்.

பாயில் விதியும் உலர் உடையும்

வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும். இதை ராபர்ட் பாயில் 1662-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4.

உடைக்குள் 6 லிட்டர் காற்றோடு ஒருவர் மூழ்குகிறார் என்று கொள்வோம். 30 மீட்டரில் அது ஒன்றரை லிட்டராகச் சுருங்கிவிடும். உடை உடலோடு ஒட்டி நெருக்கும், மடிப்புகள் தோலைக் கிள்ளும், குளிரும் உறைக்கும். எனவே இறங்க இறங்கச் சிறிது சிறிதாகக் காற்றை ஏற்ற வேண்டும்.

இனித் திரும்பி வரும் பயணம். 30 மீட்டரில் உடைக்குள் 6 லிட்டர் இருக்கிறது. அதை வெளியேற்றாமல் மேலே வந்தால் 24 லிட்டராகப் பெருகும். கூடுதலான 18 லிட்டர், 18 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, ஏறக்குறைய 18 கிலோகிராம் எடைக்கு இணையான விசை அவரை மேலே தள்ளும்! பந்துபோல் அவர் மேலே பாய்வார். அந்த வேகத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியலாம். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகலாம். குளிரைத் தடுத்த காற்றே எதிரியாகிவிடுகிறது அல்லவா?

ஏறும் வழி, இறங்கும் வழி

முதுகிலுள்ள சிலிண்டரில் காற்று சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். 'ரெகுலேட்டர்' என்ற கருவி அதைச் சுமார் 10 வளிமண்டலமாகக் குறைக்கிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் மார்பிலுள்ள வால்வுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தினால் காற்று உள்ளே வரும். இடது மேற்கையில் வெளியேற்றும் வால்வு இருக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்கே போகும். எனவே கையை உயர்த்தி, அந்த வால்வை உடையின் உச்சியாக்கினால்தான் காற்று வெளியேறும். கால் மேலாகவும் தலை கீழாகவும் ஆகிவிட்டால் காற்று கால் பக்கம் ஓடிவிடும். அங்கே வால்வு இல்லை. உடனே உடலைச் சுருட்டிப் புரண்டு, தலையை மேலே கொண்டுவர வேண்டும்.

எந்த வாயு நல்லது?

பெரும்பாலோருக்குச் சுவாசிக்கும் காற்றே போதும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று அடங்கும். உடை கேட்பதோ மிகச் சிறிய பங்கு.

மிக ஆழத்தில் மூழ்குபவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பார்கள். அதை உடைக்குள் விடக்கூடாது. ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அவர்களுக்குத் தனிச் சிறு சிலிண்டர் தேவை. அதில் காற்றையோ ஆர்கானையோ நிரப்புவார்கள்.

ஆர்கானின் வெப்பக் கடத்தல் காற்றினதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அதுவே சிறந்தது என்று தோன்றும். ஆனால் மூழ்குபவர்களை வைத்து நடத்தி, 2001-இலும் 2013-இலும் வெளியிடப்பட்ட ஆய்வுகளில் காற்றைவிட அது குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. பட்டியலில் உள்ள எண் வேறு, உடலில் உணரும் சூடு வேறு!

தேர்ந்தெடுக்கும்போது

1. குழாயின் முனை உடையின் வால்வுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தடித்த கையுறையோடு, ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும்.

2. காற்று மெதுவாக நுழையும் வால்வு நல்லது. வேகமாக நிரப்பும் வால்வு சிக்கிக்கொண்டால் யோசிக்க நேரம் இராது.

3. தனிச் சிலிண்டர் என்றால் அதன் ரெகுலேட்டரில் பாதுகாப்பு வால்வு கட்டாயம் வேண்டும். ரெகுலேட்டர் பழுதானால் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுவாசிக்கும் சிலிண்டரில் வாய்க்கருவி வழியே அது கசிந்துவிடும். தனிச் சிலிண்டரில் அந்த வழி இல்லை, குழாய் வெடிக்கக்கூடும்.

4. ஆர்கான் சிலிண்டரில் ஆக்சிஜன் இல்லை. அதைச் சுவாசித்தால் நினைவிழந்து உயிர் போகும். எனவே பெயரைப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். அதில் வாய்க்கருவியை மாட்டவே கூடாது.

வால்வு சிக்கிக்கொண்டால்?

அழுத்தம் குறைந்து விரியும் வாயு குளிரும். உறையும் நிலையிலுள்ள நீரில் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால், வால்வில் பனி படிந்து அது திறந்தபடியே நின்றுவிடலாம். ஆகவே விட்டுவிட்டு, சிறிது சிறிதாகவே அழுத்த வேண்டும்.

சிக்கிவிட்டால் உடனே குழாயைக் கழற்ற வேண்டும். வெளியேற்றும் வால்வை முழுக்கத் திறந்து கையை உயர்த்த வேண்டும். மூச்சை அடக்காமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் மணிக்கட்டுப் பட்டையை விலக்கிக் காற்றை விடலாம். கொஞ்சம் நனைவது, மேலே பாய்வதைவிட மேல்! இதையெல்லாம் ஆழமில்லாத நீரில், பயிற்சியாளர் அருகிலிருக்கப் பலமுறை பழகிய பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும். நல்ல அமைப்பு எது என்றால், குளிரில் விறைத்த ஒரு கையாலும் நிறுத்தக்கூடியதே.

செய்து பாருங்கள்

ஊசி இல்லாத, 10 மில்லி லிட்டர் அளவுள்ள புதிய மருந்தேற்றும் குழல் ஒன்றை எடுங்கள். 10 வரை காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். காற்று 5-க்கு வந்தால், அது கடலில் 10 மீட்டர் ஆழத்திலுள்ள நிலை. தண்டை விட்டுவிடுங்கள், என்ன ஆகிறது?

விடை காணுங்கள்

1. 20 மீட்டர் ஆழத்தில் உடைக்குள் 4 லிட்டர் காற்று. மேற்பரப்பில் எவ்வளவு?

2. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது காற்று அதிக மடங்கு பெருகுமா, 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு ஏறும்போதா?

விடைகள்: 1. 12 லிட்டர். 2. கடைசி 10 மீட்டரில்தான். அங்கே இரண்டு மடங்காகிறது. முன்னதில் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். எனவே மேற்பரப்பு நெருங்க நெருங்க இன்னும் மெதுவாக ஏற வேண்டும்.