எலிக்குக் குறைந்தது வாடிக்கையாளருக்குக் குறையுமா?

மளிகைக் கடையானாலும் நாட்டு மருந்துக் கடையானாலும், "கொலஸ்டிராலைக் குறைக்கும்" என்று அச்சிட்ட டப்பாக்கள் இன்று ஒரு தட்டையாவது பிடித்துக் கொண்டிருக்கின்றன. பூண்டு மாத்திரை, வெந்தயப் பொடி, ஓட்ஸ், குக்குலு என்று வகை பல. சரக்குடன் வரும் பிரதிநிதி, "ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு துண்டுப் பிரசுரத்தையும் வைத்துவிட்டுப் போகிறார். அதன் அடியிலுள்ள சிறிய எழுத்தைப் படித்தால், பல வேளைகளில் சோதனை நடந்தது எலிக்கு அல்லது முயலுக்கு. ஆனால் வாடிக்கையாளர் கேட்பதோ நம்மிடம்: "அண்ணாச்சி, இதைச் சாப்பிட்டா டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுடலாமா?" பதில் சொல்வதற்கு முன் இந்த எலிக் கணக்கை நாம் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

இந்தச் சோதனைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டவை முயல்கள். 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர், கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். இரத்தத்தில் கொலஸ்டிரால் மளமளவென்று ஏறியது. இரத்தக் குழாய்களின் சுவரில் கொழுப்பு படிந்தது. அதே தீனியை எலிக்குக் கொடுத்தால் அவ்வாறு நடப்பதில்லை. முயல் தழை தின்னும் பிராணி; கொலஸ்டிரால் அதற்குப் பழக்கமில்லாத சரக்கு. எலியோ எதையும் தின்னும். உள்ளே வரும் கொலஸ்டிராலை அதன் ஈரல் வேகமாகப் பித்த அமிலமாக மாற்றிக் கழித்துவிடும். எலியின் இரத்தத்தில் இருப்பதும் பெரும்பாலும் எச்.டி.எல். என்னும் நல்ல வகைதான். மனிதனுக்குத் தொல்லை கொடுப்பது எல்.டி.எல். என்னும் கெட்ட வகை.

ஆகவே எலிக்குக் கொலஸ்டிராலை ஏற்ற வேண்டுமானால் வலுக்கட்டாயமாகத்தான் ஏற்ற வேண்டும். தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு கொலஸ்டிராலும், அது வெளியேறாதிருக்கச் சிறிது பித்த அமிலமும் கலப்பது வழக்கம். நம் தொழில் கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். கால் கிலோ எலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் தீனி தின்றால், உள்ளே போகும் கொலஸ்டிரால் 0.2 கிராம். அது ஒரு கோழி முட்டையில் உள்ள அளவு. எடைக்கு எடை கணக்கிட்டால் 60 கிலோ மனிதர் தினம் 240 முட்டை சாப்பிட்டதற்குச் சமம்! மருந்துப் பக்கமும் அப்படியே. தீனியில் நூற்றுக்கு இரண்டு பங்கு பூண்டுப் பொடி கலந்தால் எலிக்கு 0.4 கிராம், மனிதருக்கு அதே கணக்கில் 96 கிராம். உடற்பரப்பை வைத்து ஆய்வாளர்கள் செய்யும் முறைப்படி ஆறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 16 கிராம் வரும். அரை கிராம் மாத்திரையில் 32 மாத்திரை. எந்த டப்பாவிலும் அப்படிச் சாப்பிடச் சொல்லி நாம் பார்த்ததில்லை.

நம் நாட்டுச் சரக்கான குக்குலுவின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. (சாம்பிராணியுடன் புகைக்கும் குங்கிலியத்தோடு இதைக் குழப்பக் கூடாது, யோகராஜ குக்குலுவில் சேரும் பிசின் இது.) சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய்க்குச் சொல்லியிருப்பதைக் கொண்டு, 1966-இல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் ஜி.வி. சத்யவதி முயல்களிடம் சோதித்தார். கொலஸ்டிரால் குறைந்தது. பின்னர் இந்தியாவில் நோயாளிகளிடமும் நல்ல பலன் சொல்லப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் இது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளில், இது எந்த வழியாக ஈரலில் கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்பதையும் காட்டினார்கள். இரத்தத்தில் அல்ல, ஈரலில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டே, 2003-இல், பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தார் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தனர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்டிரால் 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் கூடியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்துப் பழைய வைத்தியத்தைத் தள்ளிவிட நாம் தயாரில்லை. எனினும் முயலையும் சுண்டெலியையும் காட்டி விற்கலாகாது என்பதற்கு இது ஒன்று போதும்.

எலி மறுபக்கமும் ஏமாற்றியிருக்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்த பூஞ்சணத்திலிருந்து 1973-இல் ஒரு பொருளைப் பிரித்தார். எலிக்குக் கொடுத்தால் இரத்தக் கொலஸ்டிரால் அசையவில்லை. அதன் ஈரல் உற்பத்தியைக் கூட்டி ஈடுகட்டிவிட்டது. திட்டமே கைவிடப்படும் நிலை. பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூதாதை அதுதான். எலியோடு நின்றிருந்தால் அது கிடைத்திராது.

அப்படியானால் அலமாரியில் எது நிற்கும்? பூண்டை 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் 192 பேருக்குப் பச்சையாகவும் மாத்திரையாகவும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்டிரால் குறையவில்லை. ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் பூண்டை விற்போம், அதற்குக் குறைவில்லை. ஓட்ஸும் இசப்கோலும் மனிதரிடமே சோதித்துத் தேறியவை. தாவர ஸ்டெரால் நாளொன்றுக்கு 2 கிராம் கெட்ட கொலஸ்டிராலைப் பத்து சதவீதம் வரை குறைக்கிறது. இது முதலில் கோழிக் குஞ்சுகளில் கண்டது. இவையும் ஓரளவே குறைக்கும், மாத்திரைக்கு மாற்றல்ல.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி, உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். உற்பத்தியாளருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளியிடுவதில் பங்கு கொள்பவரும் பொறுப்பாவார். அறிவிப்பு, சுற்றறிக்கை, ஏன் பில் கூடச் சட்டத்தின் கண்ணில் விளம்பரமே. கடை வாசல் கரும்பலகையில் "கொழுப்பைக் கரைக்கும்" என்று எழுதும் அன்பர்கள் இன்றே அழித்துவிடுவது நல்லது.

மாத்திரையை விடலாமா என்று கேட்பவரிடம், "டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்" என்று சொல்லியே பொருளைக் கொடுப்போம். இசப்கோல் வாங்குபவரிடம் இன்னும் இரண்டு வார்த்தை: ஒரு தம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் கலந்து உடனே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் ஊதி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.