நான் வார, நீ வார, அவங்களும் வார

தரம் ஆறில் படிக்கும்போது "விடுமுறையில் ஒரு நாள்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் முதல் வாக்கியம் இது: "நாங்கள் வாப்பாவோடு நுவரெலியாவுக்குப் போய் வந்த." கொப்பி திரும்பி வந்தபோது "வந்த" என்பதன் கீழே சிவப்புக் கோடு. பக்கத்தில், "வந்த யார்? வாக்கியம் முடியவில்லை" என்று எழுதியிருந்தது. அதை வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. யார் வந்தது என்பதை "நாங்கள்" என்று முதல் சொல்லிலேயே எழுதிவிட்டேனே!

இப்போது உயர்தரத்தில் தமிழும் அளவையியலும் படிக்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் "நான் வார, நீ வார, தம்பி வார, அவங்க வார" என்றுதான் பேசுவோம். வினை மாறுவதில்லை, வருவது யார் என்பதை எழுவாய் சொல்லிவிடும். ஹட்டன் டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள் டிக்கோயாத் தோட்டமொன்றிலிருந்து வருகிறாள். அவள் "நான் வர்றேன், அவன் வர்றான், அவங்க வர்றாங்க" என்பாள். அவளுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு அது. அங்கே படிப்பிக்கும் யாழ்ப்பாண ஆசிரியை "நான் வாறன், அவர் வாறார், அவை வருகினம்" என்பார். ஆக, ஒரே மேசையைச் சுற்றி மூன்று இலக்கணங்கள். மேசைமேல் கிடக்கும் பாடநூலில் நான்காவது: வருகிறேன், வருகிறார், வருகிறார்கள்.

எங்கள் பேச்சில் விகுதி இல்லாதது சோம்பலால் அல்ல. மலையாளத்திலும் வினைமுற்று இடமோ பாலோ காட்டாது. நான் வந்தாலும் அவர்கள் வந்தாலும் "வந்நு"தான். அதைப் பிழையான மொழி என்று யாரும் சொல்வதில்லை. சிங்களப் பேச்சிலும் "மம எனவா, எயா எனவா, அபி எனவா" என்று வினை அப்படியே நிற்கும். சிங்களவரோடு பல தலைமுறைகளாக ஒரே கடைவீதியில் வாழும் நம்மவர் பேச்சில் இது இருப்பதில் வியப்பில்லை. கிழக்கு மாகாண முஸ்லிம்களிடம் விகுதி அப்படியே இருக்கிறது. ஆகவே "முஸ்லிம் தமிழ்" என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடவும் முடியாது.

இதில் மூளைக்கு என்ன வேலை? நாம் வாக்கியத்தை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு விளங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்போதே அடுத்தது என்னவாக இருக்கும் என்று மூளை எதிர்பார்த்துக்கொண்டே போகிறது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால் அந்த எதிர்பார்ப்பு கலைவது தெரியும். 1980இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் பொருள் பொருந்தாத சொற்களை வைத்து இதைக் காட்டினார்கள். "உம்மா தேநீரில் சீனியும் செருப்பும் போட்டார்" என்றால், "செருப்பு" என்ற சொல் வந்து ஏறத்தாழ 400 மில்லி செக்கனில் மூளையின் மின்னலையில் ஓர் எதிர்மறை ஏற்றம் தோன்றும். இலக்கணம் பொருந்தாதபோது வருவது வேறு அலை. அது ஏறத்தாழ 600 மில்லி செக்கனில், நேர்மறையாக வரும். 1990களின் தொடக்கத்தில் இது கண்டறியப்பட்டது. "அவர்கள்" என்று தொடங்கி "வந்தான்" என்று முடிப்பது போன்ற இயைபுப் பிழைகளுக்கு இந்த அலை எழுகிறது.

இனி என் "வந்த"வுக்கு வருகிறேன். எழுத்துத் தமிழில் "வந்த" என்பது பெயரெச்சம். வந்த பையன், வந்த கடிதம், வந்த வழி என்று பின்னால் ஒரு பெயர் வந்தே ஆகவேண்டும். திருத்தியவர் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தார்; வந்ததோ முற்றுப்புள்ளி. என் வீட்டு இலக்கணத்தில் அதே "வந்த" வினைமுற்று. நான் வாக்கியத்தை முடித்துவிட்டேன், அவருக்கு அது முடியவில்லை. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. ஆனால் சிவப்புப் பேனை ஒருவர் கையில்தான் இருந்தது.

விகுதி இல்லாத வீட்டில் வளர்ந்தால் விகுதியே தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். தம்பியிடம் "அவங்க வந்த" என்றேன், பேசாமல் இருந்தான். "அவங்க வந்தாங்க" என்றேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. "அவங்க வந்தான்" என்றதும், "என்ன தாத்தா, பைத்தியமா?" என்று சிரித்தான். விகுதி வராவிட்டால் பரவாயில்லை, வந்தால் சரியாக வரவேண்டும் என்று அவனுடைய ஒன்பது வயது மூளை வகுத்து வைத்திருக்கிறது. அதை யாரும் அவனுக்குப் படிப்பித்ததில்லை.

யார் பேசுகிறார் என்பதையும் மூளை கணக்கில் எடுக்கிறது. யாழ்ப்பாண ஆசிரியை முதல் நாள் "நான் நேற்றே சொன்னனான்" என்றபோது டிக்கோயாத் தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆன்" என்று முடிந்தால் அவளுக்கு அது ஓர் ஆண். சில வாரங்களில் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நெருக்கமானது. டச்சு மொழியில் பெயருக்குரிய பால் பிழைபட்ட வாக்கியங்களை டச்சுக்காரர் பேசியபோது கேட்டவர்களின் மூளையில் 600 மில்லி செக்கன் அலை எழுந்தது. அதே பிழைகளைத் துருக்கிய உச்சரிப்புள்ள ஒருவர் பேசியபோது அந்த அலை எழவில்லை. இவர் இப்படித்தான் பேசுவார் என்று மூளை இடம் விட்டுவிடுகிறது.

ஆனால் இலக்கணத்தை மாற்றி மாற்றிப் பேசுவதற்கு ஒரு செலவு உண்டு. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்துப் பேச்சும் பொது ஆங்கிலமும் பேசுவோரைப் படங்களுக்குப் பெயர் சொல்லவைத்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் ஒவ்வொரு முறையும், இருமொழியாளருக்கு ஆவது போலவே, அவர்களுக்கும் சிறு தாமதம் ஏற்பட்டது. அரபியிலும் இதுபோன்ற நிலைதான். நாம் மத்ரஸாவில் ஓதும் அரபு இன்று எந்த நாட்டுக் குழந்தைக்கும் வீட்டுப் பேச்சு அல்ல. எழுத்து அரபு அரபுப் பிள்ளைகளுக்கே இரண்டாம் மொழி போல மனத்தில் அமைகிறது என்று ரஃபீக் இப்ராஹீமும் உடன் ஆய்வாளரும் 2005இல் எழுதினார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அமெரிக்காவில் ஜே. மைக்கேல் டெரி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு. கறுப்பினப் பிள்ளைகள் பலரின் வீட்டு ஆங்கிலத்தில் "ஷீ சிங்ஸ்" என்பது "ஷீ சிங்" என்றே வரும். நம் "வார" போல, அங்கும் விகுதி இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணக்குகளின் வாக்கியங்களில் அந்த "ஸ்" இருந்தபோது அவர்களுக்கு விடை காண்பது கடினமானது. கணக்கில் இருக்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கை இலக்கணம் எடுத்துக்கொண்டது.

இதை வாசித்த கிழமைதான் தம்பி கணக்குக் கொப்பியோடு அழுதுகொண்டிருந்தான். "மீனா காலையில் பறித்த கொழுந்தின் நிறை 11 கிலோகிராம். மாலையில் பறித்த கொழுந்தின் நிறை அதைவிட 4 கிலோகிராம் குறைவு. மொத்த நிறை யாது?" அவனை உரக்க வாசிக்கச் சொன்னேன். "மீனா காலையில் பறித்த" என்று வாசித்து நிறுத்தி மூச்சு விட்டான். அவனுக்கு அங்கே வாக்கியம் முடிந்துவிட்டது. பிறகு "கொழுந்தின் நிறை" என்று புதிதாகத் தொடங்கித் தடுமாறினான். தரம் ஆறில் என் வாக்கியம் திருத்தியவரைத் தடுக்கி விழுத்திய அதே இடம், இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து.

கொப்பியை மூடினேன். "மீனா காலைல பதினொரு கிலோ கொழுந்து எடுத்த. பின்னேரம் அதவிட நாலு கிலோ கொறய எடுத்த. எல்லாம் எவ்வளவு?"

"பதினெட்டு" என்றான். பென்சிலைத் தொடவே இல்லை. பிறகு கொப்பியைத் திறந்து, "பறித்த" என்பதையும் "கொழுந்து" என்பதையும் சேர்த்து ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தேன்.