விசில் கையில் எடுக்கும் இளம் கபடி நடுவருக்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புதிதாகக் கபடிக்கு நடுவராக வருபவருக்கு,

கபடியில் தகராறு பெரும்பாலும் கோட்டின் மேல்தான் பிறக்கிறது. ஆண்கள் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளிப் பாக் லைன். அதிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. ஒவ்வொரு கோட்டுக்கும் 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலம். ரைடு போகிறவருக்குக் கிடைப்பது 30 வினாடி. அதற்குள் அவர் கால் எந்தக் கோட்டைத் தாண்டியது, தாண்டிய நேரத்தில் மற்றக் கால் எங்கே இருந்தது, யார் யாரைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஊர் ஆட்கள் சுற்றி நிற்கும்போது உடனே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களும் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. கபடி அணிகளுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டில்லை. குன்னம் பக்கத்து அணி செந்துறையில் ஆடும். ஜெயங்கொண்டத்துப் பையன்கள் வேப்பந்தட்டைக்கு வேன் பிடித்து வருவார்கள். மாறுவது மண்தான். பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண். கரிசல் நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்து இறுக்கினால்தான் விழுந்து புரள ஏற்ற களம் ஆகும்.

கோடு போடுவது சுண்ணாம்புத் தூளில், இல்லாவிட்டால் கோலமாவில். பொங்கலை ஒட்டி நடக்கும் மின்னொளிப் போட்டிகள் விடிய விடிய நீளும். தைப் பனி இறங்கியதும் தூள் ஈரமாகி, மிதிபட்டு, 5 சென்டிமீட்டர் கோடு ஒரு சாண் அகலத்துக்கு மங்கிப் பரவிவிடும். இரவு பத்து மணிக்கு இருந்த கோடு இரண்டு மணிக்கு இருப்பதில்லை. அந்த மங்கலான பட்டையில் கால் எந்த விளிம்பைத் தாண்டியது என்று கேட்டால் எந்த நடுவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே நடுவரின் முதல் வேலை விசில் ஊதுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. நான்கு மூலையிலும் முளை அடித்து வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிட இடைவேளையிலும், ஒவ்வோர் ஆட்டம் முடிந்த பின்னும் கயிறு பிடித்துக் கோட்டைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். ‘நேரம் ஆகுது சார்’ என்று விழாக்குழு அவசரப்படுத்தும். கோட்டைப் புதுப்பிக்காமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது.

மண் களத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. நடந்ததை அது கொஞ்ச நேரம் தன்னிடம் வைத்திருக்கும். போனஸ் கோட்டுக்கு அப்பால் பெருவிரல் குத்திய தடம் புதிதாக இருந்தால் அதன் விளிம்பில் அடிமண்ணின் ஈரநிறம் தெரியும். பழைய தடத்தின் விளிம்பு வெளுத்துச் சரிந்திருக்கும். கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே சடுகுடு ஆடியவர்கள் இந்தத் தடத்தைக் காட்டித்தான் வாதாடினார்கள். ஆனால் ஒரு பிடி விழுந்து நாலைந்து பேர் புரண்டுவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். ரைடர் திரும்பிய கணத்திலேயே அம்பயர் கண் தரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மேட் விரித்த களத்தில் தடமே விழாது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் மேட்டில் ஆடப்படுவது. அங்கே சந்தேகம் வந்தால் திரையில் பார்த்துச் சொல்லத் தனியாக ஒரு டிவி அம்பயர் இருக்கிறார்.

எந்தத் தீர்ப்புக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. பிடிப்பவர்கள் ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருந்தால்தான் போனஸ். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி மண்ணைத் தொடும் அந்த நேரம், பின்கால் தரையில் இருக்கக் கூடாது. புதிய நடுவர் பெரும்பாலும் முன்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தகராறு பின்காலில் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. தூக்கிய காலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். கால் தரையில் பட்டதும் நிழல் காலோடு சேர்ந்துவிடும். எந்தக் கம்பத்து விளக்கின் நிழல் தன் பக்கம் விழுகிறது என்பதை ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் பார்த்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொடுதல் என்பது உடம்பை மட்டும் குறிப்பதில்லை. பனியன் நுனியை விரல் உரசினாலும் தொட்டதுதான். எல்லைக்கோடு களத்தைச் சேர்ந்தது; கோட்டை மிதித்தவர் அவுட் இல்லை, அதற்கு வெளியே மண்ணைத் தொட்டவர்தான் அவுட். பிடி நடக்கும்போது கை வெளியே போயிருந்தாலும் உடம்பின் ஒரு பகுதி உள்ளே தரையில் இருந்தால் அவர் அவுட் ஆகமாட்டார். அதிகமாகச் சண்டை வருவதும், அதிகமானவர்களுக்குத் தெரியாததும் இந்த விதிதான். பாட்டு விட்டதா இல்லையா என்பது முழுக்கக் காதின் வேலை. ஒலிபெருக்கி அலறும் களத்தில் ரைடரின் ‘கபடி கபடி’ கேட்க வேண்டுமானால் அம்பயர் அவரோடு கூடவே நகர வேண்டும். எந்த வீடியோவிலும் இதை அப்புறம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

களத்தில் இரண்டு அம்பயர், ஒரு ரெஃப்ரி. பொதுவாக அம்பயர்களின் முடிவே இறுதி. இருவரும் வேறுபட்டால் ரெஃப்ரி தீர்ப்பார். இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரு பழக்கம் தேவை: கையைத் தூக்கும் முன் எதிரில் நிற்கும் அம்பயரின் முகத்தைப் பார்ப்பது. அந்தப் பழக்கம் இல்லாமல் போனதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை இரு அணிக்காரர்கள் சேர்ந்து பற்றியபடி விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் புள்ளி என்று கைகளை உயர்த்தினார். அதே வினாடியில் மற்றவர் தலைக்கு மேல் கைகளை வேறு விதமாக ஆட்டினார். லட்சக்கணக்கானோர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வழக்கமான நடுவர்களுக்கும் லீக் நிர்வாகத்துக்கும் ஊதியப் பிரச்சினை இருந்ததால் அன்று மாற்று நடுவர்கள் இறங்கியிருந்தார்கள். மறுஒளிபரப்பைப் பார்த்தும் முடிவை மாற்றத் தெளிவான ஆதாரம் இல்லை என்றார்கள். சியாட்டில் அணி 14-12 என்று வென்றது. இரண்டு நாளில் நிர்வாகம் பழைய நடுவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அந்தப் பந்து யாருடையது என்ற வாதத்தை மன்னித்துவிடலாம். இரண்டு நடுவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு சைகை காட்டியதை மன்னிப்பது கஷ்டம்.

இன்றைக்கு எந்த ஊர்க் களத்திலும் பெரிய சோதனை கைபேசிதான். முடிவு பிடிக்காத அணியிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து ‘இதப் பாருங்க சார்’ என்று திரையை முகத்துக்கு நேரே நீட்டுவான். அவன் பொய் சொல்ல வரவில்லை. அவனுக்குத் தெரிந்ததைத்தான் காட்டுகிறான். ஆனாலும் நடுவர் அதைப் பார்க்கக் கூடாது. சாதாரணமாகக் கைபேசி வினாடிக்கு 30 படம் எடுக்கும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசிய கால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கோட்டின் அகலமோ 5 சென்டிமீட்டர்தான். கால் தரையைத் தொட்ட அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்து போயிருக்கலாம். கோட்டுக்கு நேராக நிற்காமல் மூலையில் நின்று எடுத்த படத்தில், தூக்கிய கால் தாண்டாத கோட்டையும் தாண்டியதுபோல் தோன்றும். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு அணியின் கைபேசியைப் பார்த்துவிட்டால் அடுத்த அணியின் கைபேசியையும் பார்க்க வேண்டும். போட்டி விதியில் அதற்கு இடமில்லை என்றால், பணிவாக, ஒரே வாக்கியத்தில் மறுத்துவிட்டு அடுத்த ரைடுக்கு விசில் ஊத வேண்டும்.

நல்ல கேமரா, நல்ல கோணம், தேர்ந்த நடுவர்கள் எல்லாம் இருந்தும் ஆட்டம் சிக்கிக்கொண்டது 2023 அக்டோபர் 7 அன்று. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி இறுதிப் போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருந்தன. முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி. வெறும் கையோடு திரும்ப முடியாத ரைடுக்குப் போன பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்தார். ஈரான் வீரர்கள் பின்தொடர்ந்து அவரை வெளியே தள்ளினார்கள். என்ன நடந்தது என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. திரையில் தெளிவாகவே தெரிந்தது. எந்த விதி என்பதில்தான் சண்டை. தொடாமல் லாபிக்குள் போன ரைடர் மட்டும் அவுட், ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது என்பது புரோ கபடியில் வழக்கத்துக்கு வந்திருந்த புதிய விதி. துரத்திக்கொண்டு லாபிக்குள் வந்தவர்களும் சேர்ந்து அவுட் என்பது சர்வதேசக் கூட்டமைப்பின் பழைய விதி. முதலில் இரு அணிக்கும் ஒரு புள்ளி என்றார்கள், பிறகு முடிவு மாறியது, மறுபடியும் மாறியது. வீரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது. அந்த வெற்றியில் மகிழ்ந்தவர்கள்கூட அந்த ஒரு மணி நேரத்தை வருத்தத்தோடுதான் நினைக்கிறார்கள். எந்த விதிப் புத்தகத்தின்படி ஆடுகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன் இரு பயிற்சியாளர்களையும் உட்கார வைத்து ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

ஊர்ப் போட்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பையன்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது புரோ கபடி விதி; விழாக்குழு அச்சடித்த நோட்டீசில் இருப்பது வேறு; பள்ளிப் போட்டியில் ஆடியது இன்னொன்று. லாபி விதி எது, மூன்றாவது வெறும் ரைடுக்கு அவுட் உண்டா, மூன்று பேரோ அதற்கும் குறைந்தவர்களோ நின்று பிடித்தால் கூடுதல் புள்ளி உண்டா என்று, சுண்டி விடும் நாணயம் கீழே விழுவதற்கு முன் இரு கேப்டன்களிடமும் வாய்விட்டுச் சொல்லி, ஸ்கோர் தாளின் தலைப்பில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது மறக்கக் கூடாது.

சில விழாக்குழுக்கள் தாங்களே கேமரா வைக்கிறார்கள். வைக்கட்டும், அதற்கும் முன்கூட்டியே எல்லை வேண்டும். அமெரிக்கக் கால்பந்து லீக் 1986இல் மறுஒளிபரப்பைக் கொண்டுவந்து, 1991 பருவத்தோடு கைவிட்டு, 1999இல் பயிற்சியாளர் முறையிடும் உரிமையோடு திருப்பிக் கொண்டுவந்தது. எதை மறுபடி பார்க்கலாம், எதைக் கூடாது என்று அங்கே பட்டியலே உண்டு. 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீரர் பந்து கைக்கு வரும் முன்பே முட்டித் தள்ளப்பட்டார். நடுவர் தவறு என்று கொடி எறியவில்லை. அந்தத் தவறு பட்டியலுக்கு வெளியே இருந்ததால் திரையில் பார்க்கவும் வழியில்லை. ஊரே கொதித்தது. அடுத்த பருவம் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள்; முடிவுகள் ஒரே சீராக வராததால் ஒரே பருவத்தில் எடுத்துவிட்டார்கள். ஊர்க் களத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது சிறியது. போனஸ் கோட்டுக்கு நேராக ஒன்று, நடுக்கோட்டுக்கு நேராக ஒன்று என்று அசையாத இரண்டு கேமரா. அணிக்கு ஒரு முறையீடு. அதையும் அடுத்த ரைடு தொடங்கும் முன் கேப்டன் மட்டுமே கேட்கலாம். பார்ப்பவர் ரெஃப்ரி ஒருவரே. தெளிவாகத் தெரியாவிட்டால் களத்தில் சொன்ன முடிவே நிற்கும். கோட்டைத் தாண்டினாரா, தொட்டாரா என்பதற்கு மட்டும் கேமரா. பிடி முரட்டுத்தனமா என்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்துத் தீர்க்கக் கூடாது; மெதுவாக ஓட்டினால் எந்தப் பிடியும் வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும்.

மைக்கில் வர்ணனை சொல்பவரிடமும் முன்பே பேசி வைக்க வேண்டும். அம்பயர் கை காட்டும் முன் அவர் ‘ரெண்டு பாயிண்ட்!’ என்று அறிவித்துவிட்டால், அதன் பிறகு நடுவர் சொல்வது புள்ளியைப் பறிப்பதுபோல் கூட்டத்துக்குத் தோன்றும். சொந்த ஊர் அணி ஆடும்போது விசிலை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அக்கா மகனோ பங்காளி வீட்டுப் பையனோ ஆடுகிறான் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறைவான விஷயம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நேரும். அடுத்த ரைடு தொடங்கும் முன் தெரிந்தால், எதிர் அம்பயரைக் கேட்டுவிட்டு, ரெஃப்ரி வழியாகத் திருத்தி, ஸ்கோரரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த ரைடு தொடங்கிய பிறகு தெரிந்தால் அந்த முடிவைத் தொடக் கூடாது. அதை ஈடுகட்டுவதற்காக மறு அணிக்கு ஒரு புள்ளியைச் சாய்த்துக் கொடுப்பது இரண்டாவது தவறு. இதைப் பலர் நல்லெண்ணத்தோடே செய்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளில் கேப்டன்களின் கையெழுத்து. எதிர்ப்பு இருந்தால் அதையும் எழுத்தில் வாங்கி விழாக்குழுவிடம் சேர்க்க வேண்டும். களத்தில் பார்க்க மறுத்த அந்தக் கைபேசி வீடியோவை மறுநாள் பகலில் கேட்டு வாங்கி, கூட நின்ற அம்பயரோடு உட்கார்ந்து, பின்கால் எங்கே இருந்தது, தான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.