கப்பற் பயணத்தில் நடமாட்ட ஸ்கூட்டர்: புறப்படுமுன் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

முதுமையாலோ மூட்டுவாதத்தாலோ பக்கவாதத்தாலோ நெடுந்தூரம் நடக்க இயலாதவர்களுக்குப் பேட்டரியால் இயங்கும் நடமாட்ட ஸ்கூட்டர் பெருந்துணையாகும். அத்தகையோர் உல்லாசக் கப்பலில் பயணம் செய்ய விரும்புவதும் இயல்பே. ஒருமுறை ஏறிவிட்டால் ஊருக்கு ஊர் பெட்டி கட்ட வேண்டியதில்லை. படுக்கை, உணவகம், மருத்துவர் யாவும் ஒரே இடத்தில் உள்ளன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் சென்று தங்கும் பெற்றோர் அங்கிருந்து அலாஸ்காவுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ கப்பலேறுவது இன்று அரிதன்று. எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலர், "ஸ்கூட்டரைக் கப்பலில் ஏற்ற விடுவார்களா?" என்று கேட்கின்றனர்.

பெரும்பாலான நிறுவனங்கள் விடுகின்றன. எனினும் அந்த ஒரு விடையை மட்டும் நம்பிப் புறப்படுதல் போதாது. ஸ்கூட்டரின் அளவு, வழியின் அளவு, உடலின் அளவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே அறிந்தவர்களுக்கே பயணம் இனிதாக அமைகிறது. இம்மூன்றையும் இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

முதல் அளவு: ஸ்கூட்டர்

முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்து ஸ்கூட்டரின் அகலம், நீளம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி, பக்கக் கைதாங்கி, பின்னால் தொங்கும் பை ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். பயணத்துக்கென மடிக்கக்கூடிய ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 50 முதல் 60 செ.மீ. அகலம் உடையவை. கப்பலின் சாதாரண அறைக் கதவோ ஏறத்தாழ 55 முதல் 60 செ.மீ. திறப்பே உடையது. ஆகவே ஒரு விரற்கடை வேறுபாட்டில் ஸ்கூட்டர் வெளியே நின்றுவிடக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கென அமைக்கப்பட்ட அறைகளில் கதவு பொதுவாக 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் திறக்கும். உள்ளே வண்டியைத் திருப்ப ஏறத்தாழ 150 செ.மீ. வெற்றிடமும், படியில்லாத குளியலறையும் இருக்கும். இத்தகைய அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் மிகச் சிலவே. அவை முதலிலேயே நிரம்பிவிடுகின்றன. எனவே நாளைத் தீர்மானிக்குமுன் அறையைத் தேடுங்கள்.

"கதவில் நுழையாவிட்டால் நடைவழியில் நிறுத்திக்கொள்வோம்" என்று எண்ணுதல் கூடாது. தீயோ புகையோ சூழும்போது நூற்றுக்கணக்கானோர் வெளியேறும் பாதை அது. அங்கே வண்டியை நிறுத்தக் கப்பல்கள் இசைவதில்லை. இரவில் ஸ்கூட்டர் உங்கள் அறைக்குள் இருந்தாக வேண்டும்.

அடுத்து பேட்டரியை நோக்குங்கள். பழைய வகையான ஈய-அமில பேட்டரி கனமானது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை இணைத்து 24 வோல்ட் பெறுவது வழக்கம். லித்தியம் அயன் பேட்டரி இலேசானது. ஆனால் துறைமுகம் வரை விமானத்தில் செல்வோருக்கு அதன் ஆற்றல் அளவு முக்கியமாகும். அதனைக் கணக்கிடுவது எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். பேட்டரியைக் கழற்றி எடுத்துச்செல்லும் வகை ஸ்கூட்டருக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு பேட்டரி 300 வாட்-மணிக்கு மேற்படலாகாது. இரண்டு பேட்டரிகளில் இயங்கும் வண்டியாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள் இருத்தல் வேண்டும். கழற்றிய பேட்டரியைப் பெட்டியோடு சரக்கறையில் இடக்கூடாது. முனைகளை மூடிக் கைப்பையில் வைத்துப் பயணிகள் பகுதிக்கே கொண்டுசெல்ல வேண்டும். விமான நிறுவனத்தின் ஒப்புதலைப் பயணத்துக்கு முன்பே பெறுங்கள்.

சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். "100–240 வோல்ட்" என்றிருந்தால் அது எந்தக் கப்பலிலும் இயங்கும். பிளக் வடிவத்துக்கு மட்டும் ஓர் இணைப்பான் தேவைப்படலாம். 220 வோல்ட்டுக்கு மட்டுமே உரியதாயின், 110 வோல்ட் தரும் அறையில் அது பயன்படாது. வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுசெல்ல வேண்டாம். தீ விபத்து அச்சத்தால் பல கப்பல்களில் அதனை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வர். தேவையென்றால் கப்பல் ஊழியரிடமே கேட்டுப் பெறலாம்.

கடல் கொந்தளிக்கும்போது ஸ்கூட்டரை ஓட்டாதிருப்பதே நன்று. அறையில் நிறுத்தும்போது சாவியை எடுத்துவிட்டு, பின்புற நெம்புகோல் ஓட்ட நிலையில் உள்ளதா என்று பாருங்கள். கையால் தள்ளுவதற்கான நிலையில் அது இருந்தால் தானியங்கும் பிரேக் வேலை செய்யாது. கப்பல் சாயும்போது வண்டி உருளும். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதில் திரும்பும். நான்கு சக்கர வண்டி சரிவில் உறுதியாக நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்க.

இரண்டாம் அளவு: வழி

கப்பல் செல்லும் ஊர்களின் பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வோர் ஊரிலும் கப்பல் துறையை ஒட்டி நிற்குமா, அல்லது நடுநீரில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளால் பயணிகளைக் கரைசேர்க்குமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே பல ஏமாற்றங்களைத் தடுக்கும். கரீபியனில் உள்ள கிராண்ட் கேமன் தீவிலும், கிரேக்க நாட்டின் சாண்டோரினியிலும் கப்பல்கள் நங்கூரமிட்டே நிற்கின்றன. அலையில் ஆடும் சிறு படகில் கனமான மின்விசை வண்டியை ஏற்றப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. இலேசான மடக்குச் சக்கர நாற்காலியை ஏற்றுக்கொள்ளும் இடத்திலும், அன்றைய அலையைப் பார்த்துக் கப்பல் தலைவர் கூறுவதே முடிவு. சாண்டோரினியில் கரைசேர்ந்த பின்னரும் செங்குத்தான பாறைமேல் உள்ள ஊரை அடைய ஏறத்தாழ 600 படிகள் ஏற வேண்டும். இல்லையெனில் கம்பிவட ஊர்தியில் செல்ல வேண்டும்.

துறையை ஒட்டி நிற்கும் ஊர்களிலும் சரிவைக் கவனிக்க வேண்டும். அலாஸ்காவின் ஜூனோ நகரில் கடல் ஏற்ற இறக்கம் சில நாள்களில் 5 மீட்டரையும் கடக்கும். அதற்கேற்பக் கரைக்குச் செல்லும் சாய்பாலம் காலையில் ஒரு சரிவிலும் மாலையில் வேறு சரிவிலும் இருக்கக்கூடும். எந்நேரத்தில் இறங்கினால் எளிது என்று ஊழியரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மிகச் சரிவான வேளையில் வண்டியை ஊழியர் தள்ளிச்செல்ல, நோயாளி சக்கர நாற்காலியில் தனியே இறங்குவது பாதுகாப்பானது.

சட்டம் தரும் உரிமைகளும் உண்டு. அமெரிக்கக் கடற்பரப்பில் இயங்கும் வெளிநாட்டுக் கொடியேந்திய பயணக் கப்பல்களுக்கும் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் கப்பலேறுவோருக்கு 2010ஆம் ஆண்டின் 1177ஆம் எண் ஒழுங்குவிதி துணைநிற்கிறது. உதவி தேவையென்பதைக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அறிவித்தால் துறைமுகத்திலும் கப்பலிலும் கட்டணமின்றி உதவி பெறலாம். நிறுவனத்தின் தவறால் ஸ்கூட்டர் சேதமுற்றால் பழுதுபார்க்கும் செலவையோ மாற்று வண்டியின் விலையையோ கேட்கலாம். ஏறுமுன் வண்டியின் நான்கு புறமும் படமெடுத்து வைத்திருப்பது அப்போது உதவும்.

மூன்றாம் அளவு: உடல்

இதுவே நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்பும் அளவு. வண்டியை அளப்போர் பலர். தம் உடலின் ஆற்றலை அளப்போர் சிலரே.

கப்பலில் ஆபத்து நேரிட்டால் ஏழோ அதற்கு மேலோ குறுகிய ஒலிகளும், தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் எழும். அப்போது லிஃப்டுகளைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்கூட்டர் அறையிலேயே விடப்படும். பயணிகள் படிகளின் வழியே தத்தம் கூடுமிடத்தை அடைந்து, உயிர்காப்பு அங்கி அணிந்து, தேவையானால் உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும். அதாவது, நீங்கள் எதனை நம்பிக் கப்பலேறினீர்களோ அது அந்நேரத்தில் உங்களிடம் இராது.

இதற்கெனவே சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒரு விதி உள்ளது. ஆபத்துக் காலத்தில் தனி உதவி தேவை என்று தெரிவித்தவர்களின் விவரம் பதிவு செய்யப்பட்டு, கப்பல் புறப்படுமுன் அதன் தலைவரிடம் தரப்பட வேண்டும். அப்பட்டியலில் உள்ளோரைத் தூக்கு நாற்காலியில் இறக்கிக் கொண்டுசெல்ல ஊழியர் நியமிக்கப்படுவர். 2012இல் இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்தபின் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே பயணிகளுக்கான ஒத்திகை நடத்தப்பட வேண்டும்.

விதி இருந்தும் பயன் பெறாதோர் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் பிறருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தால், "நான் நடந்துவிடுவேன்" என்று சொல்லிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். பிள்ளைகளும் அவர்கள் மனம் நோகுமென அஞ்சி அதனைத் திருத்துவதில்லை. பகலில், ஓய்வாக, மகனின் தோளைப் பற்றி நடக்கும் பத்தடி வேறு. நள்ளிரவில், ஆடும் தளத்தில், கூட்டத்தின் நடுவே இறங்கும் நான்கு மாடிப் படிகள் வேறு. படிவத்தில் இரண்டாவதை எண்ணியே விடை எழுத வேண்டும். உதவி கேட்பது மானக்குறைவன்று. அது உடனிருக்கும் மனைவியையோ மகனையோ காக்கும் செயலுமாகும். பெற்றோரை அறையில் விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் படகை நோக்கி ஓடப்போவதில்லை.

ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு வீட்டில் இவற்றைச் சோதித்து எழுதுங்கள்:

• பிடிமானமின்றி எத்தனை வினாடி நிற்க இயலும்?
• கைப்பிடியைப் பற்றி எத்தனை படிகள் இறங்க இயலும்?
• வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற எத்தனை பேரின் துணை வேண்டும்?
• எச்சரிக்கை ஒலி காதில் விழுகிறதா? இரவில் உறக்க மருந்து உண்டா?

இந்த விடைகளை ஒரு தாளில் எழுதி, ஒரு படியைக் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மற்றொன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கப்பலேறிய முதல் நாளே கூடுமிடத்தை நேரிற் சென்று பாருங்கள். யார் வந்து அழைத்துச் செல்வார் என்பதைக் கேட்டறியுங்கள்.

அன்றாட நலனிலும் சில கவனங்கள் தேவை. நாள் முழுதும் அமர்ந்திருந்தால் கால் வீங்கும். இருக்கையில் அழுத்தப் புண் தோன்றும். அரை மணிக்கு ஒருமுறை ஒருபுறம் சாய்ந்தோ எழுந்து நின்றோ அழுத்தத்தைக் குறையுங்கள். நீரிழிவுள்ளோர் இரவுதோறும் உள்ளங்காலைப் பார்வையிட வேண்டும். கப்பலில் வயிற்றுப்போக்கு நோய் எளிதிற் பரவும். ஆகையால் உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதோடு ஸ்கூட்டர் கைப்பிடியையும் துடையுங்கள். மருந்துகளையும் நோய்ச் சுருக்கத்தையும் கைப்பையில் வைத்திருங்கள். கப்பல் மருத்துவமனையில் கட்டணம் உண்டு, வசதிகளோ வரம்புக்குட்பட்டவை. ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கும் பயணக் காப்பீடு பெறுவது நலம்.

பக்கவாதத்துக்குப் பின் ஒருபுறக் கவனம் குறைந்தவர்களும், சாய்மானமின்றி நேராக அமர இயலாதவர்களும் புதிதாக ஸ்கூட்டர் வாங்குமுன் எங்களிடம் வந்து மதிப்பீடு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கு வேறு வகைச் சக்கர நாற்காலி பொருத்தமாகலாம்.

பணம் கட்டுமுன் எழுத்தில் பெற வேண்டிய விடைகள்

1. நான் பெறும் அறையின் கதவு எத்தனை செ.மீ. திறக்கும்?
2. என் ஸ்கூட்டரின் அகலம், எடை, பேட்டரி வகை ஆகியவை ஏற்கப்படுமா?
3. எந்தெந்த ஊர்களில் சிறு படகால் கரைசேர வேண்டும்?
4. கரையில் ஏற்பாடு செய்யும் பேருந்தில் வண்டியை ஏற்றும் வசதி உண்டா?
5. ஆபத்துக் கால உதவிப் பட்டியலில் என் பெயர் சேர்க்கப்பட்டதா?

பயின்றதைச் சோதிக்க

வினா: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி கொண்ட, கழற்றக்கூடிய ஒற்றை லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுசெல்லலாமா?
விடை: 24 × 12 = 288 வாட்-மணி. 300க்குள் இருப்பதால், விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு கைப்பையில் கொண்டுசெல்லலாம்.

வினா: ஸ்கூட்டர் 58 செ.மீ.; அறைக் கதவு 57 செ.மீ. என்ன செய்வது?
விடை: நடைவழியில் நிறுத்த இயலாது. அகன்ற கதவுள்ள அறையைக் கேட்க வேண்டும். அல்லது கப்பலுக்கே கொண்டுவந்து தரும் நிறுவனத்திடம் சிறிய வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

வினா: வீட்டுக்குள் கைத்தடியுடன் நடக்கும் தாயார், படிவத்தில் "உதவி வேண்டாம்" என்று எழுதச் சொல்கிறார். நீங்கள் என்ன எழுதுவீர்கள்?
விடை: இதனை அவருடன் அமர்ந்து, மேலே கூறிய நான்கு சோதனைகளையும் செய்து பார்த்தபின் இருவருமாக எழுதுங்கள். ஐயமிருந்தால் இருவரும் எங்கள் பிரிவுக்கு வாருங்கள். படியிறங்கும் ஆற்றலை அளந்து குறிப்பெழுதித் தருகிறோம்.