கணினியும் சிற்றிரயிலும் பேசிக்கொள்ளும் மொழி

உலு திராமில் இரயில் பாதை கிடையாது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. 1909-இல் நிறைவடைந்த கெமாஸ் - ஜொகூர் பாரு இருப்புப்பாதை கூலாய், கெம்பாஸ் வழியாக நம்மைத் தொடாமலேயே போய்விடுகிறது. அதற்கும் முன்பு, 1869-இல், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி மரத்தாலேயே தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். அந்தத் தண்டவாளத்தைக் கரையான் தின்றுவிட்டது என்பது ஜொகூர் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. ஆகவே இரயில் பார்க்க விரும்பும் உலு திராம் பிள்ளைகளுக்கு இரண்டே வழிகள்: பேருந்து ஏறி ஜொகூர் பாருவுக்குப் போவது, அல்லது வீட்டு மேசையில் ஒரு சிற்றிரயில் அமைப்பது. இக்கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அந்தச் சிற்றிரயிலைக் கணினியோடு இணைப்பது எப்படி, இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியது.

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். உலகில் மிகுதியாக விற்பனையாகும் 'எச்.ஓ.' வகை, உண்மையான இரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால் நமது கே.டி.எம். பாதை மீட்டர் கேஜ். 1000 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் சுமார் 11.5 மி.மீ. வரும். எனவே கடையில் வாங்கும் எச்.ஓ. தண்டவாளத்தில் ஓடும் இரயில், கண்டிப்பாகப் பார்த்தால், நம் நாட்டு இரயிலின் உருவம் ஆகாது. மீட்டர் கேஜுக்கென்று 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. மின்னணுவியலைப் பொறுத்தவரை எந்த அளவாக இருந்தாலும் பாடம் ஒன்றுதான். தொடங்குபவர்கள் இதில் அதிகம் மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

பெரட்டுக்களத்தில் ஒரு பாடம்

பழைய முறையில் தண்டவாளத்திற்கு நேர்மின்சாரம் கொடுப்பார்கள். மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் திசை மாறும். எளிமையானதுதான். ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடும், ஒன்றாகத்தான் நிற்கும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும்.

இலக்க முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தம் மாறுவதே இல்லை. எச்.ஓ. அளவில் சுமார் 14 அல்லது 15 வோல்ட் எப்போதும் இருக்கும். அந்த மின்சாரத்திற்குள்ளேயே கட்டளை ஒளிந்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது களத்தில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் அது விழும். பெயருக்கு உரியவர் மட்டும் பதில் சொல்வார். அதேபோல் தண்டவாளத்தில் நிற்கும் எல்லா எஞ்சின்களுக்கும் எல்லாக் கட்டளைகளும் போய்ச் சேர்கின்றன. ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் 'டிகோடர்' என்ற சிறு சுற்றுப்பலகை இருக்கிறது. தன் எண் வந்தால் மட்டும் அது கட்டளையை நிறைவேற்றும்; மற்றவற்றை விட்டுவிடும். (டிகோடரைத் தமிழில் 'குறிவிலக்கி' என்று அழைக்கலாம். 'விலக்கி' என்பதை நீக்குவது என்று பொருள்கொண்டு சிலர் குழம்பினாலும், விடுவிப்பது என்ற கருத்தில் அது பொருத்தமாகவே படுகிறது.)

இம்முறைக்கு டி.சி.சி. என்று பெயர். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990-களின் முற்பகுதியில் இதைப் பொதுத் தரமாக்கியது. பொதுத் தரம் என்பதால் ஒரு நிறுவனத்தின் குறிவிலக்கி, வேறொரு நிறுவனத்தின் கட்டளை நிலையத்தோடு வேலை செய்யும்.

ஒன்றும் சுழியமும்

கட்டளை எப்படி மின்சாரத்திற்குள் ஒளிகிறது? தண்டவாளத்தின் இரு முனைகளும் மாறி மாறி நேர், எதிர் ஆகின்றன. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது '1'. 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது '0'. எஞ்சின் இந்த நேரத்தை அளந்தே எழுத்தை அறிகிறது.

ஒரு கட்டளையைப் பிரித்துப் பார்ப்போம். 3ஆம் எண் எஞ்சினை முன்னோக்கி மெதுவாகச் செலுத்த வேண்டும்:

முன்னறிவிப்பு: குறைந்தது பதினான்கு 1-கள்
முகவரி: 00000011
கட்டளை: 01110100
சரிபார்ப்பு: 01110111

ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் ஒரு 0 நிற்கும். கடைசியில் ஒரு 1 வந்து முடிக்கும். சரிபார்ப்பு எண் எப்படி வந்தது என்று பாருங்கள். முகவரியையும் கட்டளையையும் மேலும் கீழுமாக வைத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று எழுதிக்கொண்டே வந்தால் அது கிடைத்துவிடும். எஞ்சினும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தாவிட்டால் கட்டளையைத் தூக்கி எறிந்துவிடும். நம் ஈரக்காற்றில் தண்டவாளமும் சக்கரமும் சீக்கிரம் அழுக்கடைகின்றன. தொடர்பு நொடிக்கு நொடி அறுபடும். அப்படியும் இரயில் தாறுமாறாக ஓடாததற்கு இந்தச் சிறு கணக்கே காரணம்.

இந்தக் கட்டளையில் 1-கள் 27, 0-கள் 15 உள்ளன. ஒரு 1-க்கு 116 மைக்ரோவினாடி, ஒரு 0-க்கு 200 என்றால் மொத்தம் 6132 மைக்ரோவினாடி, அதாவது சுமார் 6 மில்லிவினாடி. ஒரு வினாடியில் ஏறக்குறைய 160 கட்டளைகள் அனுப்பலாம். அதனால்தான் கட்டளை நிலையம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை காதில் விழாவிட்டாலும் அடுத்த முறை விழும்.

கணினியை எங்கே நுழைப்பது?

நம் மேசைக் கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், 58 மைக்ரோவினாடியைத் தவறாமல் அளந்து கொடுப்பதற்கு அது ஏற்றதல்ல. அது ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கிறது. திரையைப் புதுப்பிக்க ஒரு கணம் திரும்பினால் கட்டளை கெட்டுவிடும். எனவே நேரத்தை அளக்கும் வேலையைச் சிறு நுண்செயலியிடம் விட்டுவிட்டு, கணினி வாய்மொழியாக உத்தரவு மட்டும் இட வேண்டும்.

கடையில் விற்கும் கட்டளை நிலையங்கள் சிலவற்றுக்குக் கணினி இணைப்புக் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. 2015-இல் கிரெக் பெர்மன் என்பவர் ஆர்டுயினோ பலகையைக் கொண்டே கட்டளை நிலையம் அமைக்கும் நிரலை எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார். 'டி.சி.சி. பிளஸ் பிளஸ்' என்பது அதன் பெயர். பின்னர் தன்னார்வலர் குழு ஒன்று அதை வளர்த்து 'டி.சி.சி.-இ.எக்ஸ்' என்ற பெயரில் நடத்திவருகிறது. தேவைப்படுபவை ஆர்டுயினோ மெகா பலகை, அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டு, தண்டவாளத்திற்கான மின்வழங்கி, ஒரு யு.எஸ்.பி. கம்பி ஆகியவையே.

இணைக்கும் முன் ஒன்றை மறக்கக் கூடாது. அசல் மோட்டார் ஷீல்டின் பின்புறத்தில், தண்டவாள மின்சாரத்தைக் கீழே உள்ள ஆர்டுயினோவுக்கும் அனுப்பும் ஒரு மெல்லிய செப்புக்கோடு உண்டு. அதைக் கத்தியால் கீறித் துண்டித்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்டவாளத்தின் 14 வோல்ட் ஆர்டுயினோ பலகைக்கும் ஏறி அதைச் சூடாக்கிக் கெடுக்கக்கூடும். குறிவிலக்கி இல்லாத பழைய எஞ்சினையும் இந்தத் தண்டவாளத்தில் நிறுத்தக் கூடாது. அது ஓடாமல் முனகிக்கொண்டே மோட்டார் கருகிப்போகும்.

ஷீல்டின் 'ஏ' வெளியீடு ஓடும் தண்டவாளத்திற்கு. 'பி' வெளியீடு அமைவு மாற்றும் தனித் துண்டுக்கு. நிரலை ஏற்றிய பின், கணினியிலிருந்து கோண அடைப்புக்குள் <1> என்று அனுப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் வரும். <0> என்றால் போய்விடும். ஆங்கில 'டி' எழுத்தோடு 3, 20, 1 என்று அனுப்பினால் 3ஆம் எண் எஞ்சின் 20ஆம் படி வேகத்தில் முன்னோக்கிப் புறப்படும். இவ்வளவுதான் மொழி. நிரலாக்கம் படிக்கும் மாணவர் எவரும் ஒரே மாலையில் இதற்கு ஒரு திரைப்பலகை எழுதிவிடலாம்.

எழுதியவர் பெயர்

ஆனால் எழுதத் தேவையில்லை. ஜே.எம்.ஆர்.ஐ. என்ற கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்டதால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். விருப்பத் தேர்வுகளில் கட்டளை நிலையத்தின் வகையையும் யு.எஸ்.பி. இணைப்பின் எண்ணையும் குறித்தால் போதும்.

அதன் 'டிகோடர்புரோ' பகுதி தனிச் சிறப்புடையது. எஞ்சினுக்குள் இருக்கும் ஒவ்வோர் அமைவுக்கும் ஓர் எண் உண்டு, சி.வி. என்பார்கள். 1 என்பது முகவரி. 3 என்பது வேகம் ஏறும் நிதானம். 4 என்பது குறையும் நிதானம். 5 உச்ச வேகம். இவற்றைக் கணினி எப்படிப் படிக்கிறது தெரியுமா? எஞ்சினுக்கு வாய் கிடையாது. கணினி 'இந்த இடத்தில் இருப்பது 1 தானா?' என்று கேட்கும். ஆம் என்றால் எஞ்சின் 6 மில்லிவினாடி நேரம் கூடுதலாக 60 மில்லியாம்பியர் மின்சாரத்தை இழுத்துக்காட்டும். அந்தச் சிறு தலையசைப்பைக் கட்டளை நிலையம் கண்டுகொள்கிறது. இப்படி எட்டுக் கேள்வி கேட்டால் ஓர் எண் தெரிந்துவிடும். 8ஆம் சி.வி. தயாரிப்பாளரைச் சொல்லும், 7ஆவது பதிப்பைச் சொல்லும். அதை வைத்து மென்பொருள் அந்தக் குறிவிலக்கிக்கு உரிய விவரக்கோப்பைத் திறந்து, வெறும் எண்களுக்குப் பதிலாக மனிதர் படிக்கும் சொற்களைத் திரையில் காட்டுகிறது.

இந்த விவரக்கோப்புகள் ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு. உலகெங்கும் உள்ள பொழுதுபோக்காளர்கள் ஊதியமின்றி எழுதியவை. இவற்றின்மேல்தான் வழக்கு எழுந்தது. ஜே.எம்.ஆர்.ஐ.யைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான பாப் ஜேக்கப்சன், பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்காவில் இதே துறையில் மென்பொருள் விற்ற மேத்யூ காட்சர் என்பவர், தம் காப்புரிமையை ஜே.எம்.ஆர்.ஐ. மீறுவதாகக் கூறி ஜேக்கப்சனிடம் பணம் கேட்டார். இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்காக! 2006-இல் ஜேக்கப்சன் நீதிமன்றம் சென்றார். வழக்கின் போக்கில், காட்சரின் மென்பொருளிலேயே ஜே.எம்.ஆர்.ஐ.யின் விவரக்கோப்புகள் எழுதியவர் பெயர் இல்லாமல் இடம்பெற்றிருந்தது வெளிப்பட்டது.

அந்தக் கோப்புகளை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரவும் செய்யலாம். எழுதியவர் பெயரையும், மூலம் எது, மாற்றியது எது என்பதையும் குறிப்பிட வேண்டும். உரிமத்தின் நிபந்தனை அவ்வளவுதான். கீழ் நீதிமன்றம் இது வெறும் ஒப்பந்தச் சிக்கல் என்று கருதி, தடையாணை தர மறுத்தது. பணமே வாங்காதபோது ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு எதைக் கேட்பது? 2008 ஆகஸ்ட் 13-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலே என்றும், பணம் வாங்காமல் கொடுப்பதாலேயே அந்த உரிமை அற்றுப்போய்விடாது என்றும் தீர்ப்பளித்தது. 2010-இல் சமரசம் ஏற்பட்டு, காட்சர் ஒரு லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டார். கட்டற்ற மென்பொருள் உரிமங்களைப் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். பொம்மை இரயில் என்று சிரிப்பவர்களிடம் சொல்ல இது ஒன்று போதும்.

தமிழ் மொழிக் கழகத்தின் ஏட்டில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜே.எம்.ஆர்.ஐ.யின் திரையில் தோன்றும் சொற்கள் நிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளன. சமக்குறிக்கு இடப்பக்கம் சாவிச்சொல், வலப்பக்கம் திரையில் வரும் சொல். வலப்பக்கத்தை மட்டும் மாற்றினால் மென்பொருள் அந்த மொழியைப் பேசும். நிரலாக்கம் தெரியாத தமிழ் மாணவர்கூட இதில் பங்கெடுக்கலாம். 'பாயிண்ட்' என்று இரயில் ஊழியர்கள் சொல்வதைக் 'கிளைத்தடம்' என்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற வாக்குவாதத்தை நாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரயில் எங்கே நிற்கிறது?

இதுவரை கணினி பேசியது. இனி அது பார்க்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரம் செல்கிறதா என்று கவனித்தால் எஞ்சின் இருக்கும் இடம் தெரியும். ஆனால் பெட்டிகள் மின்சாரம் இழுப்பதில்லை. எஞ்சின் அடுத்த கட்டத்திற்குப் போனதும், வால் இன்னும் பின்னால் இருக்க, பழைய கட்டம் காலி என்று கணினி நினைத்துக்கொள்ளும். கடைசிப் பெட்டியின் அச்சில் இரு சக்கரங்களுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை ஒன்றை ஒட்டினால் 1.4 மில்லியாம்பியர் ஓடும், வாலும் தெரிந்துவிடும். உண்மையான இரயில் பாதைகளிலும் சக்கர அச்சே மின்சுற்றை இணைத்து இரயிலின் இருப்பைக் காட்டும் முறை உண்டு. ஒரு கட்டத்தில் ஓர் இரயில் மட்டுமே என்ற விதியைக் கணினியிடம் கொடுத்துவிட்டால், மேசைமேல் மூன்று இரயில்களை மோதாமல் அது ஓட்டும்.

முடிவாக ஒரு பயிற்சி. 80 கி.மீ. வேகத்தில் போகும் இரயில் வினாடிக்கு 22.2 மீட்டர் கடக்கும். 87-ஆல் வகுத்தால் மேசையில் வினாடிக்கு 25.5 செ.மீ. உணரிகள் இரண்டை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கணினி அளக்கும் நேரம் 3.9 வினாடியாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் 5ஆம் சி.வி.யின் எண்ணைக் குறைத்து எழுதி, மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.